குவோரம் உணர்தல்

குவோரம் உணர்தல் என்பது பாக்டீரியாக்கள் வேதிச் சமிக்ஞைகள் மூலம் தம் செறிவை அறிந்து, ஒருங்கே செயற்படும் முறை ஆகும். அவைக் கூட்டம் நடைபெறத் தேவையான குறைந்தளவு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு 1994 இல் இப்பெயர் இடப்பட்டது.

செயல்முறை

ஒவ்வோர் உயிரணுவும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளை வெளிவிடுகின்றது. எண்ணிக்கை பெருகும்போது சூழலில் அவற்றின் செறிவும் உயர்கின்றது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அவை ஏற்பிகளுடன் இணைந்து, உரிய மரபணுக்களைத் தூண்டுகின்றன. கடல்வாழ் பாக்டீரியாக்கள் ஒளிர்வதை ஆராய்ந்த நீல்சன், பிளாட், ஏசுட்டிங்சு ஆகியோர் 1970 இல் இத்தகைய தூண்டலை விவரித்தனர்.

நோய்த் தடுப்பு

சூடோமோனாசு ஏருசினோசா போன்றவை போதிய எண்ணிக்கையை அடைந்த பின்னரே நச்சுகளைப் பெருமளவில் சுரக்கின்றன, உயிரிப்படலத்தையும் வலுப்படுத்துகின்றன. படலத்தினுள் உள்ளவற்றை நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் அழிப்பது கடினம். சமிக்ஞையை ஆக்கும் நொதியைத் தடுத்தல், மூலக்கூறைச் சிதைத்தல், ஏற்பியை அடைத்தல் என்பன மாற்று வழிகள் ஆகும். இவை பாக்டீரியாவைக் கொல்லாததால், மருந்தெதிர்ப்பு தோன்றும் வாய்ப்பு குறையலாம் எனக் கருதப்படுகின்றது. எனினும் வாந்திபேதிப் பாக்டீரியா இதற்கு மாறானது. அது எண்ணிக்கை பெருகியதும் நோயூக்கும் மரபணுக்களை அடக்குகின்றது. எனவே அங்கு சமிக்ஞையைத் தடுப்பது பயன் தராது.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்பத் துறையினர், பவளங்களுடன் வாழும் பாக்டீரியாக்களின் சாறு தொண்டை அழற்சி தரும் இசுட்ரெப்டோகாக்கசு பயோசெனிசின் உயிரிப்படலத்தைத் தடுப்பதை 2009 இல் வெளியிட்டனர். சீரகச் சாறு சில பாக்டீரியாக்களின் சமிக்ஞைத் தொடர்பைக் குலைப்பதை 2012 இல் வெளியிட்டனர். இவை ஆய்வகச் சோதனைகளே. சீரகம் மருந்துக்கு மாற்றாகாது.