ஸ்லேட் வருகிறது என்றார்கள்

2009 கடைசியில், ஆப்பிள் கம்பெனி கையில் வைத்துப் படிக்கிற பலகைக் கணினி ஒன்று செய்கிறது என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. கம்பெனி வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெயர் 'ஐஸ்லேட்' என்றார்கள், விலை ஆயிரம் டாலரை ஒட்டி என்றார்கள். ஸ்லேட்டுக்குப் பிரெஞ்சில் 'ஆர்துவாஸ்'. கடையில் வைக்கிற கடன் பாக்கிக்கும் அதே சொல்தான்! விலையைக் கேட்டதும் எனக்கு அந்த இரண்டாவது அர்த்தம்தான் ஞாபகம் வந்தது.

2010 ஜனவரி 27, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய கருவியின் பெயர் ஐபேட். நிபுணர்கள் ஊகித்த விலை என்று 999ஐத் திரையில் போட்டு, அப்படியே நிற்கவிட்டுப் பேசினார். பிறகு 499 வந்து விழுந்து அதை நொறுக்கியது. கைதட்டல். எஸ்டிமேட்டை ஏற்றி எழுதிக் குறைத்துக் காட்டும் கான்ட்ராக்டர் ஃபைல்களைப் புரட்டியவனுக்கு இது புதிதில்லை. வதந்தியைக் கம்பெனியே கிளப்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாபம் அதற்குத்தான்.

பாவம், பத்திரிகைக்காரர்கள். விளம்பரம் குறைந்து தவித்த நேரம். இந்தப் பலகை தங்களைக் கரையேற்றும் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் 2011 பிப்ரவரியில் ஐபேடுக்கென்றே 'தி டெய்லி' என்ற நாளிதழைத் தொடங்கியது. வாரத்துக்கு 99 சென்ட். காகிதம் இல்லை, அச்சகம் இல்லை, வீடு வீடாகப் போடும் பையன் இல்லை. 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.