கல்லில் ஏறிய புகார்கள்

2013 ஜனவரி 26. எங்க ஊர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபை. நான் அப்போ வார்டு மெம்பர். செயலர் தீர்மானங்களைப் படிச்சு முடிக்கிற நேரம். சாமியானா துணியை மடிக்க ஆள் வந்து நிக்குது. அப்போதான் கடைசி வரிசையிலேருந்து ஒரு அத்தை எழுந்தாங்க. ஊர் முறையில அத்தை. வயசு அறுபதுக்கு மேல. ஏரிப் பாசனத்துல கடைசிக் கழனி அவங்களோடது.

"ஏம்பா மெம்பரு, உன் கழனியில தண்ணி தளும்புது, என் கழனி நடவுக்குக் காத்துக் கெடக்குது. இதை நான் யார்கிட்ட போயி சொல்றது?"

கூட்டம் சிரிச்சுது. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. "எழுதிக் குடுங்க அத்தை, பாக்கலாம்"னு சொல்லிட்டேன். அவங்களுக்கு எழுதத் தெரியாதுங்கறது எனக்கு நல்லாவே தெரியும்.

அந்தத் தை மாசமே உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். ரெண்டு பஸ் மாறிப் போனோம். முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்கு நேரம் இருந்ததால, அங்கிருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பத்தாவது படிக்கும்போது குடவோலைன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதினது ஞாபகம் வந்துச்சு. மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்து. தமிழும் கிரந்தமும் கலந்த பழைய எழுத்து, எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ஏதோ ஒண்ணு இழுத்துச்சு. ஊருக்கு வந்ததும் எங்க டவுன் நூலகத்துல சோழர் வரலாறு புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன்.

பாடப் புத்தகத்துல, பானையில ஓலையைப் போட்டுக் குலுக்கி ஆள் எடுத்தாங்கன்னு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. விஷயம் அதுக்கு மேல இருக்கு.

அந்தச் சுவர்ல தேர்தல் முறையைப் பத்தி இருக்கறது ஒரு கல்வெட்டு இல்லை, ரெண்டு. ரெண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஒண்ணு அவனோட 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. இன்னொண்ணு 14ஆம் ஆட்சியாண்டு, 921. 1898இல் கல்வெட்டுத் துறைக்காரங்க இதையெல்லாம் படியெடுத்தாங்க.

ஒரு சபை தன்னோட தேர்தல் விதியைக் கல்லுல வெட்டி வைக்குது. கல்லுல வெட்டினா காலாகாலத்துக்கும்னு அர்த்தம். அப்படி இருக்க, ரெண்டே வருஷத்துல அதே விதியைத் திருத்தி, நீளமா, இன்னொரு தடவை ஏன் வெட்டணும்? எனக்கு அதுதான் உறுத்துச்சு.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 919இல் வாரியத்துக்கு நிக்கிறவருக்கு வயசு 30க்கு மேல, 60க்குள்ள. 921இல் அது 35க்கு மேல, 70க்குக் கீழன்னு மாறுது. 919இல், வாரியம் பார்த்து முடிச்சவங்களுக்கு நெருங்கின சொந்தமா இருக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு வரி. 921இல் வாரியம் பார்த்துட்டுக் கணக்குக் காட்டாதவருக்குத் தடை. அவரோட சொந்தக்காரங்களுக்கும் தடை. இந்தத் தடவை சொந்தம்னு பொதுவா விடலை. சின்னம்மா பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்க, அம்மாவோட அண்ணன் தம்பி, அப்பாவோட அண்ணன் தம்பி, மாமனார், மச்சான், மருமகன், அக்கா தங்கச்சி புருஷன், மகன், அப்பன்னு ஒவ்வொரு முறையா சொல்லி வெட்டியிருக்காங்க. மச்சானைக்கூட விடலை.

ஊர்ல வாழ்ந்தவனுக்கு இது உடனே விளங்கும். 'நெருங்கின சொந்தம்'னு மட்டும் எழுதி வச்சா, "மச்சான் என்னங்க நெருங்கின சொந்தமா?"ன்னு ஒருத்தன் கேட்பான். கேட்டிருப்பான். அதைப் பார்த்து இன்னொருத்தன் வயிறெரிஞ்சு சபையில சொல்லியிருப்பான். கல்வெட்டு இந்தச் சண்டையைச் சொல்லலை, இது என் யூகம்தான். ஆனா சண்டை இல்லாம மச்சானெல்லாம் கல்லுல ஏற மாட்டான்.

ஓலை எடுக்கிற முறையும் அப்படித்தான். 919லேயே, ஒண்ணும் அறியாத ஒரு சின்னப் பையனைக் கொண்டு ஓலை எடுக்கணும்னு இருக்கு. 921இல் இன்னும் இறுக்கிக் கட்டியிருக்காங்க. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடின சபையில, வயசுல மூத்த ஒரு பூசாரி குடத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி மேல தூக்கிக் காட்டணும். பையன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் வாங்கறப்போ, அஞ்சு விரலையும் விரிச்சு வெறும் உள்ளங்கையில வாங்கணும். வாங்கி உரக்கப் படிக்கணும். அங்கே இருக்கிற பூசாரிகள் எல்லாரும் அதே ஓலையை வாங்கிப் படிக்கணும். அதுக்கப்புறம்தான் அந்தப் பேரை எழுதணும்.

அஞ்சு விரலை ஏன் விரிக்கணும்? மடக்கின கைக்குள்ள இன்னொரு ஓலை இருந்துட்டாங்கற பயம்தான். அந்தப் பயம் சும்மா வந்திருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கணக்கர் பத்தின விதி. கணக்கு எழுதறவர் தான் எழுதின கணக்கைத் தானே வந்து ஒப்புவிக்கணும். அதை முடிக்க வேற கணக்கரை உள்ளே விடக் கூடாது. இன்னைக்கு நாம எந்த ஆபீஸ் போனாலும் காதுல விழற பதில் என்ன? "அது முன்னாடி இருந்தவர் பாத்தது சார், அவர் மாறிப் போயிட்டாரு." 921லேயே அந்தப் பதிலுக்குக் கதவைச் சாத்தியிருக்காங்க.

இன்னொரு வார்த்தையும் அதுல இருக்கு. கிராம கண்டகர். ஊருக்கு முள்ளா இருக்கறவர். அப்படிப்பட்டவர் பிராயச்சித்தம் பண்ணினாலும் ஆயுசுக்கும் வாரியத்துக்கு வர முடியாது. அத்தையோட புகாரைக் கேட்டுச் சிரிச்ச கூட்டத்துல உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வார்த்தை சுருக்குன்னு தைச்சுது.

ஆனா ஒண்ணைச் சொல்லியாகணும். உத்திரமேரூரைப் பத்திப் பேசறவங்க பலரும் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர்னு மேடையில முழங்கறாங்க. அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். வாரியத்துக்கு வர வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல வேணும். சொந்த மனையில வீடு வேணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். ரொம்பப் படிச்சவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். அங்கே சேத்துல இறங்கி உழுதவனுக்குப் பானையில ஓலை கிடையாது. பொம்பளைங்களுக்கும் கிடையாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க, வைரமேக தடாகம்னு பேர் கொண்ட அவ்வளவு பெரிய ஏரியை அந்தச் சபை பார்த்துக்கிச்சு. அந்த ஏரியோட கடைசிக் கழனியில நின்னவன் பேச்சு சபையில ஏறிச்சான்னு அந்தச் சுவர் சொல்லலை. கல்லுல ஏறினது, சபைக்குள்ள உட்கார இடம் இருந்தவங்களோட புகார் மட்டும்தான்.

நமக்கு அந்தக் குறை சட்டத்துல இல்லை. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியல்ல பேர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு வருஷத்துக்கு நாலு நாள் கூடிக்கிட்டிருந்தோம். இப்போ மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்ந்து ஆறு நாள். கடைக்கழனி அத்தைக்கும் மெம்பருக்கும் அங்கே ஒரே உரிமை. உட்கார இடம் கிடைச்சாச்சு. ஆனா சொன்னது எங்கே போகுது?

எங்க ஏரி பாசனம் 100 ஏக்கருக்குள்ள. அதனால அது ஊராட்சி ஒன்றியத்தோடது. அதுக்கு மேல பாசனம் இருந்தா அரசு நீர்வளத் துறையோடது. இது தெரியாம மனு எழுதினா, அந்தக் காகிதம் ஒரு மேசையிலேருந்து இன்னொரு மேசைக்குப் போறதுக்கே ஒரு போகம் முடிஞ்சுடும். மேலே கொடுத்த மனுவும் படி இறங்கி இறங்கி, கடைசியில யார் மேல புகாரோ அவர் கைக்கே "உரிய நடவடிக்கைக்கு"ன்னு வந்து சேரும். அவர் "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு எழுதுவார். மனு முடிஞ்சுது, நம்பர் அடிச்சாச்சு. அடுத்த வருஷம் அதே மாசத்துல அதே மதகுக்கு அதே மனு. மனுவை முடிக்கத் தெரியுது, அதுலேருந்து ஒண்ணைக் கத்துக்கத் தெரியலை.

நானும் அப்படித்தான் இருந்தேன். அத்தை புகார் சொன்னது என்னைப் பத்தி. பதில் சொன்னதும் நான்தான்.

மாசி மாசம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். தண்ணி பத்தி யார் என்ன சொன்னாலும், டீக்கடையில சொன்னாலும் சரி, தேதி, எந்த மதகு, எந்தக் கால்வாய்னு எழுத ஆரம்பிச்சேன். யார் சொன்னாங்கங்கறதைக் கடைசியிலதான் எழுதினேன். ஆள் பேரை முதல்ல எழுதினா, அவன் எந்தக் கட்சி, எந்தத் தெருன்னு மனசு போயிடுது. ரெண்டு நவரைப் போகம் எழுதினேன். மொத்தம் பத்தொன்பது புகார். அதுல பதிமூணு ஒரே கிளைக் கால்வாய். எல்லாமே ஏரித் தண்ணி பாதிக்குக் கீழ இறங்கின பிறகு வந்தது.

நீர்கட்டியைக் கூட்டிக்கிட்டு அந்தக் கால்வாயை மதகுலேருந்து கடைசி வரைக்கும் நடந்தேன். முக்கால் மணி நேரம். என் கழனிக்குத் திரும்பற மடை, மத்த மடைகளைவிட ஒரு ஜாண் தாழ்வா வெட்டியிருந்துச்சு. எங்க அப்பா காலத்துல வெட்டினது. ஏரி நிறைஞ்சிருக்கிறப்போ அது தெரியாது. தண்ணி இறங்கினா, ஓடறதெல்லாம் என் கழனிக்குத்தான் முதல்ல திரும்பும். நீர்கட்டிக்கு இது எப்பவோ தெரியும். "நீங்க மெம்பராச்சே, எப்படிச் சொல்றது"ன்னார்.

மடையை ஏத்திக் கட்டினேன். ஆனா அதோட விட்டா அது என் நல்ல குணமா மட்டும் நின்னுடும், எனக்கப்புறம் இருக்காது. அதனால 2015 மே 1 கிராம சபையில ரெண்டு தீர்மானம் போட்டோம். ஏரி பாதிக்குக் கீழ இறங்கினா முறைத் தண்ணி கடைக்கழனியிலேருந்து ஆரம்பிக்கணும். போன சபையில சொன்ன புகார்களை அடுத்த சபையில முதல் வேலையா, சொன்னவங்க முன்னாடியே படிச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லணும். எழுதிக் கொடுத்தாலும் வாயால சொன்னாலும் ஒண்ணுதான். அந்தக் கடைசி வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அத்தை கூட்டத்துல இருந்தாங்க. என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஏதோ நாத்து விலை பேசிக்கிட்டிருந்தாங்க.

அடுத்த நவரையில அவங்க கழனி விளைஞ்சுது. என் கழனியில விளைச்சல் கொஞ்சம் குறைஞ்சுதுதான். அதையும் சொல்லணும். ஒருத்தன் புகார் தீர்ந்தா, இன்னொருத்தன் கையிலேருந்து ஏதோ ஒண்ணு போகத்தான் செய்யும். புகாரை எல்லாரும் தள்ளிப் போடறதுக்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை.

2016 அக்டோபரோட எங்க காலம் முடிஞ்சுது. அப்புறம் 2019 டிசம்பர் வரைக்கும் ஊராட்சித் தேர்தலே நடக்கலை, தனி அலுவலர்தான். அவர் வேற ஊர்க்காரர், பல ஊராட்சியைப் பார்க்கணும். எங்க தீர்மானம் புத்தகத்துக்குள்ளயே இருந்துச்சு. முறைத் தண்ணி ரெண்டு வருஷம் நடந்துட்டு, மெல்ல பழையபடி ஆச்சு. புது மெம்பர்கள் வந்தப்போ அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையா வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அது எங்கே இருக்குன்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும்.

அத்தை போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அவங்க மகன் சென்னையில வேலை. கழனி தரிசு.

அப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அந்த ஊர்ச் சபை விதியை ஏன் காகிதமோ ஓலையோன்னு விடாம, ஜனங்க தினம் வந்து போற கோயில் சுவர்ல வெட்டிச்சுன்னு. சபையில இருக்கறவன் மறந்தாலும், வெளியே நிக்கிறவன் விரலை நீட்டி, "இதோ இங்கே எழுதியிருக்கே"ன்னு கேட்க முடியணும்.

நகரத்துல இருக்கிற நீங்களும் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் செல்போன்லயே புகார் கொடுக்கறீங்க. நம்பர் வருது, தீர்ந்துச்சுன்னு செய்தியும் வருது. அடுத்த தடவை வார்டு ஆபீஸ் பக்கம் போனா, என் புகார் முடிஞ்சுதான்னு கேட்கறதோட, இதே மாதிரி எத்தனை வந்துச்சு, அதனால எந்த விதியை மாத்தினீங்கன்னும் கேட்டுப் பாருங்க. உத்திரமேரூர் பக்கம் போனா அந்த மண்டபத்துச் சுவரையும் பாருங்க. எழுத்து புரியாட்டியும் பரவாயில்லை. அதுல மச்சான் இருக்கான்னு நினைச்சுக்கிட்டுப் பாருங்க.

இந்த மே 1க்கு நான் கடைசி வரிசையில உட்காரப் போறேன். 2015 தீர்மானத்தோட நகல் ஒண்ணு வீட்டுப் பெட்டியில இருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போவேன்.