கடல் கடந்த அநாதைப் பிள்ளைகளின் பேண்டு



"பிள்ளைங்க பேண்டோட வெளிநாடு போறதுன்னா செலவை யாரு பாக்கிறது?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுகப் பட்டணம். 1891 டிசம்பர் குளிரில், ரயில் பாதையோரம் ஒண்டிக் கிடந்த நான்கு கருப்பினச் சிறுவர்களைக் கண்டார் டேனியல் ஜென்கின்ஸ் பாதிரியார். அடிமையாய்ப் பிறந்தவர் அவர். அதிலிருந்து ஓர் அநாதை இல்லம் தொடங்கியது. சிறைச்சாலைக்குப் பக்கத்துப் பழைய ஆஸ்பத்திரிதான் வீடு. கேட்டு வாங்கிய வாத்தியங்கள், ராணுவக் கல்லூரி கழித்த சட்டைகள், பேண்டு பிறந்தது.

1895-இல் இல்லத்துக்குப் பணம் திரட்ட லண்டனுக்குக் கப்பலேறினார்கள். தெருவில் வாசித்தார்கள். கூட்டம் சேர்ந்தது, போலீசும் வந்தது! பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தெருவில் வாசித்துக் காசு வாங்கக் கூடாது என்பது அன்று அங்கே சட்டம். வருமானம் நின்றது. ஊர் திரும்பக் கப்பல் காசு இல்லை. பாதிரியார் தேவாலயம் தேவாலயமாகப் பேசி, காணிக்கை சேர்த்து, பிள்ளைகளை ஊர் சேர்த்தார்.

அதோடு வாத்தியத்தை மூட்டை கட்டினார்களா? இல்லை. 1914-இல் மறுபடியும் லண்டன் கண்காட்சிக்குப் போனார்கள். அந்த இல்லத்தில் வளர்ந்த கேட் ஆண்டர்சன், 1944-இல் டியூக் எலிங்டனின் புகழ்பெற்ற குழுவில் சேர்ந்து டிரம்பெட் ஊதினார்.

பிள்ளைகள் வாசித்துப் பிழைக்க வேண்டிய காலம் அது. இன்று நம் பிள்ளைங்களுக்கு அந்த நிலை வேண்டாம். வழிச்செலவு பெரியவங்க பொறுப்பு. நன்றாய் வாசிப்பது பிள்ளைங்க பொறுப்பு.