வந்தவரா, வரப்போகிறவரா?

1913-ல் திருமணம் முடித்த கையோடு கொல்லிமலை ஏறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் மிஷனரித் தம்பதி வாழவந்தியில் வீடு கட்டிக்கொண்டு, மலேரியாவோடு மல்லுக்கட்டி, மருந்தும் பள்ளிக்கூடமும் பிரசங்கமுமாக வாழ்ந்தார்கள். 1929-ல் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. வாழவந்தி நாடு, பெரக்கரை நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் அந்த மலையில், அறப்பளீஸ்வரரையும் கொல்லிப்பாவையையும் கும்பிட்டு வந்த மக்களிடம் அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: உலகை மீட்க வேண்டியவர் வந்துவிட்டார், அவர் பெயர் இயேசு.

இதைக் கேட்கிற யாருக்கும் ஒரு கேள்வி எழும். இயேசு யூதர். அவருடைய தாய் யூதர், சீடர்கள் யூதர்கள். மெசியா வருவார் என்ற நம்பிக்கையே யூதர்களுடையது. அப்படியிருக்க, அந்த யூதர்களில் பெரும்பாலோர் இன்றுவரை அவரை மெசியாவாக ஏற்காதது ஏன்? நம் பக்கத்துப் பிரசங்கங்களில் பலவும் ‘அவர்கள் கண் குருடாயிற்று’ என்று ஒரே வரியில் கேள்வியை முடித்துவிடும். அது அநியாயமான விடை. ஏற்காததற்கு யூதர்களிடம் தெளிவான காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் கடற்கரையில் பல நூற்றாண்டு வாழ்ந்த கொச்சி யூதர்களை நாம் புரிந்துகொள்ள முடியாது.

பழைய இஸ்ரவேலில் அரசனைத் தலையில் எண்ணெய் வார்த்துத்தான் அரியணை ஏற்றுவார்கள். அப்படி அபிஷேகம் பெற்றவரே மெசியா. எருசலேம் ஆலயம் இடிந்து, மக்கள் நாடு நாடாகச் சிதறிய பிறகு, தாவீதின் வம்சத்தில் மறுபடி அப்படியொரு அரசன் எழுவான் என்ற நம்பிக்கை ஊன்றிக்கொண்டது. அவன் மனிதன்தான். ஆனால் அவன் காலத்தில் நடக்க வேண்டியவை உண்டு. சிதறியவர்கள் ஊர் திரும்ப வேண்டும், ஆலயம் மறுபடி எழ வேண்டும், போர் ஒழிய வேண்டும், எல்லா இனத்தாரும் ஒரே இறைவனை அறிய வேண்டும்.

இதைச் சட்டம்போல் எழுதி வைத்தவர் 12-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ். மருத்துவர், தத்துவ அறிஞர், யூதச் சட்டத்தையே தொகுத்துத் தந்தவர். இவருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. குடும்பத்தைத் தாங்கி வந்த தம்பி தாவீது, வியாபாரத்துக்காக இந்தியாவுக்குக் கப்பலேறிப் போகையில் கடலில் மூழ்கி இறந்தார். செங்கடல் கரையிலிருந்து அவர் அண்ணனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் கெய்ரோவின் பழைய ஜெப ஆலயக் காகிதக் குவியலிலிருந்து கிடைத்திருக்கிறது.

மெசியா அற்புதம் செய்து காட்ட வேண்டியதில்லை என்கிறார் மைமோனிடிஸ். காரியம் நடந்ததா என்பதே உரைகல். நடந்தால் அவர் மெசியா, நடப்பதற்குள் கொல்லப்பட்டால் அவர் மெசியா அல்ல. இந்த அளவுகோல் இயேசுவை மறுப்பதற்கென்று செய்யப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கி.பி. 132-ல் ரோமாபுரிக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை, ராபி அகிவா என்ற பேரறிஞரே மெசியா என்று நம்பினார். 135-ல் பார் கோக்பா கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கையை யூதர்கள் கைவிட்டார்கள். மைமோனிடிஸ் எடுத்துக்காட்டுவதும் இவரைத்தான். 1666-ல் சபதாய் செவி விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. பாதி யூத உலகையே மெசியா என்று நம்பவைத்த அவர், துருக்கி சுல்தானின் முன் இஸ்லாத்துக்கு மாறியபோது பெரும்பாலோர் நெஞ்சுடைந்து விலகினார்கள்.

மைமோனிடிஸ் இன்னொன்றும் எழுதினார். பிற்காலத்துக் கிறிஸ்தவத் தணிக்கையாளர்கள் வெட்டி எறிந்த பகுதி அது. இயேசுவின் மார்க்கமும் முகம்மதுவின் மார்க்கமும், தாம் அறியாமலே, வரப்போகும் மெசியாவுக்குப் பாதை போடுகின்றன. அவற்றால்தான் தொலைதூரத்து மக்களும் மெசியாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். கொல்லிமலைக் குடிசைகளில் அந்தப் பேச்சு கேட்டது அவர் மறைந்து 700 ஆண்டுகளுக்குப் பிறகு!

கிறிஸ்தவர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலுவை முதலில் சீடர்களுக்கே பேரிடி. உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கையோடு அவர்கள் வேதத்தைத் திரும்பப் படித்தபோது, ஏசாயா 53-ம் அதிகாரத்தில் பிறருக்காக அடிபட்டுச் சாகும் ஊழியரைக் கண்டார்கள். ரோமாபுரியைவிடப் பெரிய எதிரி பாவம், அதை ஜெயிக்க முதலில் சிலுவைக்கு வந்தார், சமாதான ராஜ்யத்தை நிறைவேற்ற மறுபடி வருவார் என்பது அவர்களின் விடை. அதே ஊழியரை இஸ்ரவேல் மக்கள் முழுவதையும் குறிப்பவராகப் படித்தார் 11-ம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி. பாவத்திலிருந்து திரும்ப மனந்திரும்புதல் போதும் என்பது யூத மரபு. எல்லாவற்றுக்கும் மேல், மனிதனாக வரவேண்டிய அரசரைக் கடவுளாகவே வணங்குவது அவர்களால் தாண்ட முடியாத கோடு.

இந்த இரண்டு வாசிப்பும் நேருக்கு நேர் மோதிய இடம் ஸ்பெயினின் பார்சிலோனா. 1263, ஜூலை. அரகான் மன்னர் ஜேம்ஸின் முன்னிலையில் ஒரு பக்கம் யூதராகப் பிறந்து துறவியான பாப்லோ கிறிஸ்தியானி, மறுபக்கம் ராபி நாக்மானிடிஸ். மெசியா வந்துவிட்டார் என்பதற்கு யூத நூல்களிலிருந்தே ஆதாரம் காட்டினார் பாப்லோ. ராபி சுற்றிலும் பார்க்கச் சொன்னார். இயேசுவின் நாள் முதல் இன்றுவரை உலகெங்கும் கொலையும் கொள்ளையும்தானே? அரசே, போரே இல்லை என்று ஆகிவிட்டால் உங்களுக்கும் உங்கள் படைத் தலைவர்களுக்கும் எவ்வளவு சிரமம் என்று மன்னரிடமே கேட்டார். மன்னர் 300 தினார் பரிசளித்து அனுப்பியதாக ராபியே எழுதியிருக்கிறார். அப்படி எழுதியதே பின்னால் வினையாயிற்று. துறவிகள் வழக்குப் போட, எழுபது வயதுக்கு மேல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, 1267-ல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1269 என்று தேதி பொறித்த கல்லறைக் கல் ஒன்று கேரளத்தின் சேந்தமங்கலத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்கானது. இந்தியாவில் கிடைத்துள்ள எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. இன்று அது நிற்கும் ஜெப ஆலயத்துக்கு அருகிலேயே கோயில், மசூதி, சிரியன் கிறிஸ்தவர்களின் தேவாலயம் மூன்றும் உண்டு. மெசியா வந்துவிட்டார் என்பவர்களும் வரவில்லை என்பவர்களும் ஒரே மண்ணில் பிழைத்தார்கள்.

தொல்லை போர்ச்சுகீசியரோடு வந்தது. 1560-ல் கோவாவில் மத விசாரணை மன்றம் அமைந்து, ரகசியமாக யூத வழக்கங்களைக் கைக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்தது. அதே காலத்தில் கொச்சி ராஜா தம் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். மட்டாஞ்சேரியில் 1568-ல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது அங்கேதான். 1662-ல் போர்ச்சுகீசியர் அதைச் சிதைத்தார்கள். மறுவருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

1806-ல் கல்கத்தாவிலிருந்து வந்தார் ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன். யூதர்களை இயேசுவிடம் கொண்டுவரும் ஆவலோடு கொச்சி யூதர்களிடம் தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் பேசினார். அவர் கொண்டுபோனவற்றுள் ஒன்று, சிவப்புச் சாயம் தோய்த்த 37 தோல்களைத் தைத்துச் செய்த 48 அடி நீளத் தோரா என்னும் யூத வேதச் சுருள். அது இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. கொச்சி யூதர்கள் தங்கள் நம்பிக்கையிலேயே நின்றார்கள்.

அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடினார்கள். சீயோனுக்குத் திரும்பும் ஏக்கம் அவற்றில் உண்டு. இஸ்ரேல் பிறந்தபோது அவர்களுள் பலர் அதை வேத வாக்கு நிறைவேறத் தொடங்கியதாகவே கண்டார்கள். மெசியா வருமுன் அரசு அமைப்பது தவறு என்று வாதிட்ட யூதர்களும் உலகில் உண்டு. 1950-களில் மாளா, பரவூர், சேந்தமங்கலம் யூதர்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். 1955-ல் மாளா ஜெப ஆலயம் பஞ்சாயத்தின் கைக்குப் போனது.

கிறிஸ்துவின் மரணப் பழியை யூதர் அனைவர் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-லேயே அறிவித்துவிட்டது. இன்னும் அந்தப் பழைய பாடத்தையே நடத்தும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். கொச்சிக்குச் சுற்றுலா போகும்போது மட்டாஞ்சேரியின் சீனத் தரை ஓடுகளோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளைச் சேந்தமங்கலத்துக்கும் கூட்டிப்போங்கள். ஜெப ஆலயம் இப்போது அருங்காட்சியகம். சாராவின் கல் வாசலுக்கு முன்னாலேயே நிற்கிறது.