சக்கரைக்கொல்லி: ஒரு தழையின் கதை

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. வரவு செலவுக் கணக்கு இல்லை, பயப்பட வேண்டாம் :)

எங்கள் ஆயாவுக்குப் பத்து வருடமாக சக்கரை. போன மாதம் மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிட்டு, வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் இலையை மட்டும் மென்று வந்தது தெரிந்து வீட்டில் ஒரே ரகளை. "இத மென்னுட்டு சக்கரைய வாயில போட்டா மண்ணு மாதிரி இருக்கு. ரத்தத்துல இருக்கிற சக்கரை எம்மாத்திரம்டா?" என்பது ஆயாவின் வாதம். சோரியாங்குப்பத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். சரி, இந்த நம்பிக்கையின் வரலாறுதான் என்ன என்று தேடினேன்.

இலையை மென்றால் இனிப்பு தெரியாது என்பதை 1847 வாக்கில் எட்ஜ்வொர்த் என்பவர் சொல்லியிருக்கிறார். பழைய வெள்ளைக்காரர் குறிப்புகளில் இதன் வேருக்குப் பாம்புக்கடி மருந்து என்ற பெயரும் உண்டு. 1887இல் ஊட்டியில் அரசாங்கக் கொய்னா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் இலையை ஆராய்ந்து, அதிலிருந்து பிரித்த பொருளுக்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். மனிதர் இலையை மென்றுவிட்டுக் கொய்னாவையும் ருசி பார்த்திருக்கிறார். கசப்பும் தெரியவில்லையாம்! ஆனால் இதெல்லாம் நாக்கில் நடக்கிற வித்தை. இனிப்பை உணரும் இடத்தை அந்த அமிலம் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரத்தம் வேறு கதை.

அந்தக் கதை 1921இல் இன்சுலின் கண்டுபிடித்த பிறகுதான் சூடு பிடித்தது. 1928இல் கல்கத்தாவில் சோப்ரா குழுவினர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்றார்கள். 1930இல் மஸ்கரும், காயுஸ் என்ற பிரெஞ்சு பாதிரியாரும் விலங்குகளுக்குக் கொடுத்தபோது சக்கரை குறைந்தது. யாரை நம்புவது?

அறுபது வருடம் கழித்து நம்ம சென்னைப் பல்கலைக்கழகம் களத்தில் இறங்கியது. ராதா சண்முகசுந்தரம், பாஸ்கரன் உள்ளிட்டோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இலைச்சாறிலிருந்து எடுத்த ஜிஎஸ்4 என்ற மருந்தை, மாத்திரை சாப்பிட்டு வந்த 22 பேருக்குத் தினமும் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். சக்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே விட்டார்கள். பிறகு இந்த ஜிஎஸ்4 அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் விற்பனைக்கு வந்தது. காமர்ஸ் மாணவனாக இங்கே எனக்கு ஒரு பெருமூச்சு!

ஆனால் கவனியுங்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை இல்லை அது. 22 பேர் மிகச் சின்னக் கூட்டம். அதைவிட முக்கியம், எல்லோரும் மாத்திரையோடு சேர்த்துத்தான் தொடங்கினார்கள். ஆயா மாதிரி முதல் நாளே தூக்கிப் போடவில்லை.

இதையெல்லாம் ஆயாவிடம் விளக்கினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அஞ்சு பேர்ல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா?" என்றார். மீதி 17 பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். இலையை விடமாட்டாராம். இரண்டும் சேர்ந்தால் சக்கரை அளவுக்கு மீறி இறங்கலாம் என்பதால், டாக்டரிடம் இலையைப் பற்றியும் சொல்ல சம்மதித்திருக்கிறார். வரும் வியாழன் நான்தான் கூட்டிப் போகிறேன்.