பொய்வீரனும் மெய்ப்புகழும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பெற்ற இராசராசனுடைய கல்வெட்டுகள் அவனது மெய்க்கீர்த்தியைத் தலையிற் கொண்டு தொடங்குகின்றன. அவன் வென்ற நாடுகள் அதன்கண் நிரல்பட உரைக்கப்படுகின்றன. அப்போர்களை நிகழ்த்திய வீரர்களோ, அக்கோயிற் கல்வெட்டுகளிற் பெரும்பாலும் தத்தம் படைப்பிரிவின் பெயராலேயே சுட்டப்படுகின்றனர். செயல் பலருடையது, பெயர் ஒருவனுடையது. வீரத்தை இங்ஙனம் கல்லில் எழுதிப் போற்றிய நாட்டில், வீரமே இல்லாது வீரன் எனப் பெயர் பெற்றவன் கதையும் விருப்பொடு கேட்கப்பட்டு வந்திருக்கின்றது. இவ்விரண்டும் ஒரே மண்ணில் எவ்வாறு உடன் வாழ்ந்தன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு அடிப்படையாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணைசெய்கின்றது. பெருமிதத்தின் நிலைக்களன்களாகக் கல்வியையும் தறுகண்மையையும் இசைமையையும் கொடையையும் ஆசிரியர் தனித்தனியே எண்ணுகின்றார். அஞ்சாமை ஒன்று, அதனால் வரும் புகழ் மற்றொன்று. இரண்டும் ஒருவனிடத்தே பொருந்தியிருத்தல் வேண்டும் என்னும் யாப்புறவு இல்லை. புகழ் ஒருபாலும் தறுகண் ஒருபாலுமாகப் பிரிந்து நிற்கும் அவ்விடத்திலேதான் பொய்வீரன் தோன்றுகின்றான். நகைக்கு அவர் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் முதல் மூன்றையும் பொய்வீரர் கதைகளில் நாம் தெளிவாகக் காணலாம்.

எள்ளலுக்குக் கலிங்கத்துப்பரணி சான்றாகும். முதற் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கலிங்கப் போரைச் செயங்கொண்டார் அதன்கண் பாடினார். களத்தினின்று ஓடிய கலிங்கவீரர் உயிர்பிழைக்கப் பூண்ட வேடங்கள் அந்நூலின் பெருநகைப் பகுதி. முட்புதர் பறித்த தலையும் உரிந்த உடையுமாய் நின்றோர் தம்மைச் சமணர் என்றனர். வில்லின் நாணைப் பூணூலாக்கிக் கொண்டோர் கங்கையாட வந்து அகப்பட்ட அந்தணர் என்றனர். குருதி தோய்ந்த கொடித்துணியைப் போர்த்தோர் சாக்கியர் என்றனர். யானையின் மணியைத் தாளமாகப் பிடித்தோர் பாணர் என்றனர்.

இந்நகை பகைவரைக் குறித்தது. ஆதலின் வென்றோர் அவையில் அச்சமின்றிச் சொல்லத்தக்கது. எனினும், அதே நூலில் வேறொரு செய்தியும் உண்டு. போரை முன்னின்று நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். காஞ்சியிலிருந்து ஆணை தந்தவன் வேந்தன். பரணியின் பாட்டுடைத்தலைவன் யாவன் என்று அறிஞர் ஆராய நேர்ந்ததற்கு இதுவே காரணம். செயலும் பெயரும் பிரிந்து நிற்றல் நகைக்கதைக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணரலாம்.

இளமைக்கு விராட பருவத்து உத்தரன் சான்றாவான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் இக்கதை நிரைமீட்சிச் சருக்கத்தில் இடம்பெறுகின்றது. மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. ஆதலின் ஏட்டறிவு இல்லாத உழவரும் உத்தரனை நன்கு அறிவர். வாய்வீரம் பேசுவாரை உத்தரகுமாரன் என்று சுட்டுதலும் வழக்கே.

அந்தப்புரத்து மகளிர் நடுவே வஞ்சினம் கூறிப் புறப்பட்ட இவ்விளையோன், கௌரவர் சேனையைக் கண்ட அளவில் தேரினின்று குதித்து ஓடுகின்றான். பேடி வடிவில் தேரூர்ந்து வந்த அருச்சுனன் அவனைப் பிடித்து வந்து சாரதியாக்கித் தானே பொருது நிரை மீட்கின்றான். நகருக்குச் செல்லும் செய்தியோ உத்தரன் வென்றான் என்பது.

இவ்விடத்தே கதை ஒரு திருப்பம் கொள்கின்றது. மகன் வெற்றியைக் கேட்டுக் களித்த விராடன் கங்கனொடு சூதாடுகின்றான். பிருகன்னளை தேரூர்ந்தமையால் வெற்றி கிட்டியது என்று கங்கன் உரைக்க, சினந்த மன்னன் சூதுகருவியால் அவன் முகத்தில் எறிகின்றான், குருதி ஒழுகுகின்றது. அடியுண்டவன் உண்மையில் தருமன். பின்னர் வந்த உத்தரனோ, தான் வெல்லவில்லை என்றும் தேவமகன் ஒருவனே வென்றான் என்றும் தந்தையிடம் கூறிவிடுகின்றான். பொய்வீரன் பொய்யைப் பற்றிக்கொள்ளவில்லை. அப்பொய் வேண்டியிருந்தவன் அரசனே. மெய்யுரைத்தவன் முகத்திற் குருதி வழிந்தது அவனாலேயாம். நம் நகை உத்தரனிடத்தே தொடங்கி விராடனிடத்தே சென்று முடிதல் கருதத்தக்கது.

பேதைமைக்கு நாட்டுப்புறக் கதையொன்றைக் காட்டலாம். ச. ம. நடேச சாஸ்திரியார் திரட்டிய தென்னாட்டுக் கதைகள் கிங்ஸ்கோட் அம்மையாருடன் சேர்ந்து 1890இல் ஆங்கில நூலாக வெளியிடப்பெற்றன. அவற்றுள் அப்பய்யன் கதை ஒன்று. நஞ்சு கலந்தது என்று அறியாமல் அவன் கொண்டு சென்ற பலகாரத்தை, அரசகுமாரியைக் கவர்ந்து வந்த கள்வர் தின்று மாள்கின்றனர். விழித்தெழுந்தவன் பிணங்களின் தலையை வெட்டி, வீரன் எனப் பெயர் பெறுகின்றான். சிங்கத்தைக் கொல்ல ஏவப்பட்டபோது மரத்திலேறி நடுங்குகின்றான்; கைநழுவிய வாளே சிங்கத்தைக் கொல்கின்றது. போருக்குச் செல்கையில் அடங்காத குதிரை அவனை இழுத்தோட, அச்சத்தாற் பற்றிய மரம் வேரொடு பெயர்ந்து வருகின்றது. மரத்தைப் பிடுங்கும் மாவீரன் என்று பகைவர் சிதறுகின்றனர்.

இக்கதையின் உறவினர் உலகெங்கும் உளர். கிரிம் உடன்பிறந்தார் 1812இல் வெளியிட்ட தொகுப்பில், ஓரடியில் ஏழு ஈக்களைக் கொன்ற தையற்காரன் வருகின்றான். 1868இல் பிரேயர் அம்மையார் வெளியிட்ட தக்காணக் கதைகளுள் பானை வனையும் குயவன் வருகின்றான். சீனத்துப் போர்க்கலைப் புதினங்களால் புகழ்பெற்ற சின் யோங், 1969 முதல் 1972 வரை எழுதிய தம் இறுதிப் புதினத்திற்கு, போர்க்கலை அறியாது சூழ்ச்சியாலும் நல்லூழாலும் உயரும் ஒருவனையே தலைவனாக்கினார். தையற்காரன், குயவன், தெருப்பிள்ளை எனப் பெயரில்லாதார் குலத்தினின்றே இத்தலைவர்கள் எடுக்கப்படுதல் தற்செயலன்று.

காவிரிப்படுகையில் இக்கதைகள் சுவைபட்டமைக்கு அந்நிலத்தின் வாழ்வே காரணம் கூறும் என்று நாம் கருதுகின்றோம். உழுதவனும் நாற்று நட்டவளும் பண்ணையாட்கள்; விளைந்த நெல்லுக்குப் பெயர் மிராசுதாரருடையது. தஞ்சைப் பண்ணையாட்களுக்கெனத் தனியே ஒரு பாதுகாப்புச் சட்டம் 1952இல் இயற்றப்பட வேண்டியிருந்தமை அந்நிலையின் கடுமையைக் காட்டும். பிறர் செயலுக்குத் தான் பெயர்கொள்வானை நாள்தோறும் கண்டவர்க்கு, அப்பெயர் நஞ்சுப் பலகாரத்தாலும் நழுவிய வாளாலும் வருவதாகச் சொல்லும் கதை ஆறுதலும் அறிவும் ஒருங்கே தந்திருக்கும். வெளிப்படையாகக் கூறின் தண்டனைக்குரியதாகும் ஐயத்தைக் கதை நகையாக்கிக் காத்தது. மெய்யுரைத்த கங்கன் பட்டது அவர்கள் அறிந்ததே.

இக்கதைகள் வீரத்தை இகழ்வன என்று கொள்ளுதல் பொருந்தாது. அருச்சுனன் வில்லை விராட பருவம் யாண்டும் எள்ளவில்லை. வீரத்திற்கு விலை கூறும் அவையினையே அவை ஐயுறுகின்றன. இதற்கு உத்தரனது முடிவே சான்று. பாரதப்போரின் முதல் நாளில் சல்லியனொடு பொருது அவன் களத்தில் வீழ்ந்தான். ஒருமுறை ஓடியவன் மறுமுறை ஓடவில்லை. ஆயினும், உலக வழக்கு அவன் ஓடியதைப் பெயராக்கி வைத்துக்கொண்டு, அவன் வீழ்ந்ததை மறந்துவிட்டது. விராடன் மிகுத்து வழங்கிய புகழும் வழக்கு குறைத்து வழங்கிய இகழும் ஒரே பிழையின் இருபுறங்கள். கல்லில் எழுதிய பெயர்களைப் படிக்குங்கால், எழுதப்படாத பெயர்களையும் ஆராய்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.