வீட்டுக்காரர் குடியிராத வீடு

நியூயோர்க் மாநகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே ஓர்ச்சாட் வீதி என்றொரு வீதி உண்டு. அங்கே 97ஆம் இலக்க மனையை 1863ஆம் ஆண்டிலே கட்டுவித்தவர் லூக்காஸ் குளொக்னர் என்னும் ஜேர்மானியத் தையற்காரர். இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்கு இருக்கத்தக்கதாக அதனை வகுத்த அவர், தாமும் தம் குடும்பத்தோடு அதிலேயே குடிபுகுந்தார்.

ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மூன்று அறைகள். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 325 சதுர அடி. வெளிச்சுவரில் யன்னல் வாய்த்தது ஓர் அறைக்கே. அடுக்களையும் படுக்கையறையும் அதன் பின்னே இருளிற் கிடந்தன. மலசலகூடங்களோ பின்முற்றத்திலே. வீட்டுக்காரர் கூட இருந்தமையால் இக்குறைகள் தீர்ந்துவிடவில்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். எனினும், நள்ளிரவிலே பின்முற்றத்துக்கு இறங்க அவருக்கும் அதே படிக்கட்டுத்தான் இருந்தது.

பின்னர் குளொக்னர் வேறிடம் சென்றார். அவரிருந்த அறைகளும் வாடகைக்காயின. காலப்போக்கில் வீடும் கைமாறிற்று. இனிக் கூரை ஒழுகினாலும் நனைவது உடைமையாளரின் பாயன்று. வீட்டுக்காரர் யாவரும் கொடியர் என்று நான் சொல்ல வரவில்லை. முன்பு தம் வீட்டுக்குச் செய்த செலவு, இப்பொழுது வருமானத்திற் கழிக்கும் செலவாயிற்று, அவ்வளவே.

ஆகவே, திருத்தங்கள் சட்டத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தன. 1901ஆம் ஆண்டுச் சட்டம், பழைய மனைகளிலும் இரு குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் வேண்டுமென விதித்தது. இருளறைகளுக்கு உட்சுவரில் யன்னல் வெட்டவும் பணித்தது. செலவைக் காட்டி வழக்காடிய ஒரு வீட்டுக்காரி, 1906இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். நம் 97ஆம் இலக்கத்திலே 1905 அளவில் மாடிக்கு இரண்டாக மலசலகூடங்கள் உள்ளே அமைந்தன. நாற்பது ஆண்டுகளாக முற்றத்துக்கு இறங்கியேறிய கால்களுக்கு அது எத்துணை ஆறுதல்!

ஆனால், சட்டம் எப்பொழுதும் குடியிருப்போருக்கு நன்மையாகவே முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1930களிலே தீக்காப்பு விதிகள் இறுகின. பொருளாதாரம் சரிந்திருந்த அக்காலத்திலே, கட்டடத்தைப் புதுக்குவதற்குப் பணம் செலவிட அன்றைய உடைமையாளர் விரும்பவில்லை. 1935இல் மேல்மாடிகளிலிருந்த குடிகளை எழுப்பிவிட்டு, கீழ்த்தளக் கடைகளை மாத்திரம் வாடகைக்கு விட்டார். காக்கப் பிறந்த விதியாலேயே அம்மக்கள் வீதிக்கு வந்தனர்.

குடியேறிகளின் வாழ்வைக் காட்டும் நூதனசாலை ஒன்றுக்கு இடந்தேடிய இரு பெண்மணிகள் 1988இல் இங்கு வந்தனர். அரை நூற்றாண்டாக மனிதர் குடியிராத அறைகளிலே, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்க் கடதாசிகள் உரிந்து தொங்கின. அவ்வீடே பின்னர் நூதனசாலையாயிற்று. குளொக்னர் ஏறி இறங்கிய படிக்கட்டைக் காண இப்பொழுது கட்டணம் செலுத்தி ஆட்கள் வருகின்றனர்.